பூச்சுக்குள் மறைவதே வீடு

தண்டவாளமே இல்லாத இந்தத் தீவில் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்து கொடுப்பது என் பிழைப்பு. கப்பலிலோ விமானத்திலோ சென்னையில் இறங்கி, அங்கிருந்து மதுரைக்கும் பரமக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் என் ஜன்னலுக்கு வருவார்கள். பாரத்தை எழுதிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள். பலர் ஊருக்குப் போகும் காரணம் ஒன்றாகவே இருக்கும். "இங்கே வீட்டு வேலை ஆரம்பிச்சாச்சு தம்பி. ஊர்ல இருக்கிற ரெண்டு மா நிலத்தை வித்துட்டு வரணும்" என்பார்கள்.

அடுத்த ஆண்டு அதே மனிதர் மறுபடி வருவார். வீடு முடிந்ததா என்று கேட்டால் முகம் வாடும். கூரை ஒழுகுகிறது, சுவர் வெடித்துவிட்டது, மேஸ்திரி பாதியில் போய்விட்டார் என்று ஒரு குறை சொல்வார். பிறந்த ஊரில் இருந்த நிலமும் போய், பிழைக்க வந்த ஊரில் கட்டிய வீடும் சரியில்லை என்றால் ஒரு குடும்பம் எங்கே போய் நிற்கும்?

நான் இன்ஜினீயர் அல்ல. மெட்ரிக் வரை படித்த குமாஸ்தா. ஆயினும் இதைப் பற்றிப் பேச எனக்கும் ஒரு தகுதி உண்டு. எங்கள் வீட்டிலேயே அந்தத் தவறுகள் அனைத்தையும் செய்தோம்.

என் தந்தையார் ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இளவயதில் இங்கு கூலி வேலைக்கு வந்தவர். எங்களை வளர்த்தது ஒரு மரவீடு. தரையிலிருந்து உயர்த்திய பலகைத் தளம், பலகைச் சுவர், தகரக் கூரை. 2004 டிசம்பர் 26 ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியபோது அந்த வீடு கப்பல் போல் அசைந்தது. அலமாரி சாய்ந்தது, பாத்திரங்கள் உருண்டன. வீடு நின்றது. நாங்கள் உயிரோடு வெளியே வந்தோம்.

அந்த வீட்டைத்தான் 2008 இல், ஓய்வு பெற்ற பணம் கைக்கு வந்ததும், பிரித்துப் போட்டோம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கான்கிரீட் வீடு கட்டிவிட்டார்கள். நாம் மட்டும் பலகை வீட்டில் இருப்பதா என்ற எண்ணம்தான் காரணம். தரைக்குப் பளபளக்கும் டைல்ஸ், முகப்பில் இரண்டு வளைவு, வாசலுக்குச் செதுக்கு வேலை செய்த படாக் கதவு. கிருகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

2019 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பிற்பகல் பின்புறத்து சன்ஷேடு முழுசாக இற்று விழுந்தது. அதற்கு நேர் கீழேதான் என் தாயார் உட்கார்ந்து பாத்திரம் துலக்குவது வழக்கம். அன்று ரேஷன் கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கான்கிரீட்டுக்குள் சிப்பி ஓடுகள் தெரிந்தன. எட்டு மில்லி கம்பி துருவேறி, இலை இலையாக உரிந்து, நடுவில் ஊசி போல் இளைத்திருந்தது. கட்டிக் கொடுத்த மேஸ்திரியைத் தேடிப்போய்க் காட்டினேன். அவர் மறைக்கவில்லை. "கடல் மணல்தான் தம்பி. அப்ப கிடைச்சதைப் போட்டோம். அப்பாவும் விலை குறைச்சல்னு சரின்னாரு" என்றார்.

அவர் சொன்னது உண்மை. டைல்ஸுக்குக் கேட்ட விலையைக் கொடுத்த நாங்கள் மணலுக்குப் பேரம் பேசினோம். தீவில் வீடு கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள் பல இருக்கலாம். ஆனால் அவையாவும் ஒரே தவற்றின் பிள்ளைகள் என்பதே என் கட்சி. கண்ணுக்குத் தெரிவதற்குத் தாராளமாகச் செலவழிக்கிறோம். பூச்சுக்குள் மறைந்து போவதில் மிச்சம் பிடிக்கிறோம். இந்த மண்ணில் நம்மைக் காப்பாற்றுவது மறைந்திருப்பதுதான்.

மரம் போயிற்று, அறிவு வரவில்லை

இந்தத் தீவுகள் மரத்தால் வாழ்ந்த பூமி. 1883 இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இன்றும் அதற்குச் சாட்சி. படாக்கும் குர்ஜனும் மலிவாகக் கிடைத்த காலத்தில் இங்குள்ள தச்சர்களுக்கு மரவீடு கட்டுவது கைவந்த கலையாக இருந்தது. 2002 செப்டம்பரில் டிக்லிபூர் பக்கம் ஏற்பட்ட பூகம்பத்திலும், 2004 பெரும் பூகம்பத்திலும், பழைய மரவீடுகள் பெரும்பாலும் தாக்குப் பிடித்தன. மரம் இலேசானது, வளைந்து கொடுக்கக் கூடியது என்பதே காரணம்.

2002 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இத்தீவுகளின் காடுகளைக் காக்க மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. கடற்கரையில் மணல் அள்ளுவதையும் ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பில் குறை காண எனக்கு மனமில்லை. காடும் கரையும் போனால் தீவே இல்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிக்கத் தவறினோம். மரவீட்டிலிருந்து கான்கிரீட் வீட்டுக்கு ஒரு தலைமுறைக்குள் தாவிவிட்டோம். மரவீடு கட்டத் தெரிந்த கைகள் ஓய்ந்தன. பூகம்பம் தாங்கும் கான்கிரீட் வீடு கட்டத் தெரிந்த கைகள் அதே வேகத்தில் உருவாகவில்லை.

மரவீட்டில் சிறு பிழை இருந்தால் கதவு இறுக்கும். கான்கிரீட்டில் பிழை இருந்தால் கூரை தலைமேல் விழும். கனமான பொருளைக் கையாளுகிறவனுக்குக் கவனமும் கனமாக இருக்க வேண்டும்.

நிலம் வாங்கும்போதே

முதல் தவறு அஸ்திவாரத்துக்கு முன்பே நடக்கிறது. இங்கு மலைச்சரிவும் சதுப்பு நிலமும்தான் அதிகம், சமதரை கொஞ்சம். விலை குறைவு என்று சதுப்பைத் தூர்த்த மனையை வாங்குகிறோம். 2004 இல் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடங்களில் கடல் நீர் ஏறி, பிறகு இறங்கவே இல்லை. தெற்குக் கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கு நிற்கும் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வடக்கே டிக்லிபூர் பக்கத்துக் கரையோ உயர்ந்தது. நிலமே ஏறி இறங்கும் நாட்டில் கடல் மட்டத்தை ஒட்டிய தூர்த்த மண்ணில் வாழ்நாள் சேமிப்பைப் புதைப்பது விவேகம் ஆகாது. தூர்த்த மண் ஈரமாக இருந்தால் நிலநடுக்கத்தின்போது குழம்பாகிவிடும். மேலே இருக்கும் வீடு எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

சரிவு நிலத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. மண்ணை வெட்டிச் சமன் செய்கிறோம். வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டி, அதன்மேல் பாதி வீட்டை நிறுத்துகிறோம். வெட்டிய தரை கெட்டி, கொட்டிய தரை மிருது. இரண்டு மழைக்காலத்தில் முன்பாதி இறங்கி, வீட்டின் நடுவே விரிசல் ஓடும். தடுப்புச் சுவர் கட்டுகிறவர்களும் அதில் நீர் வடியத் துவாரம் விட மறந்து விடுகிறார்கள். ஆண்டுக்குச் சென்னையில் பெய்யும் மழை 140 சென்டிமீட்டர் அளவு. இங்கு 300 சென்டிமீட்டர் அளவு. அந்த நீர் அனைத்தும் சுவருக்குப் பின்னால் தேங்கினால் எந்தச் சுவர் நிற்கும்?

பத்திரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்ற முறையான அனுமதி வேண்டும். கடற்கரையை ஒட்டிய இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. காட்டு நிலத்தை வளைத்துக் குடியேறியவர்கள் வழக்கில் சிக்கி அலைந்த கதை நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல. "எல்லாம் சரியாயிடும், வாங்கிப் போடுங்க" என்று தரகர் சொன்னால், சரியான பிறகு வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். வருவாய் அலுவலகப் பதிவேட்டை நீங்களே போய்ப் பாருங்கள்.

மதுரை வீட்டை இங்கே கட்டுவது

ஊருக்குப் போன இடத்தில் மச்சான் கட்டிய வீட்டைப் பார்த்து, அதே பிளானைத் தாளில் வரைந்து கொண்டு வருவது நம்மவர் பழக்கம். மதுரை வேறு, போர்ட் பிளேர் வேறு. 2024 இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியதால் இவ்வூரின் மண் மாறிவிடவில்லை. 2002 ஆம் ஆண்டின் இந்திய நில அதிர்வு வரைபடத்தில் இத்தீவுகள் முழுவதும் ஐந்தாவது மண்டலம். அன்றைய கணக்கில் அதற்கு மேல் ஆபத்தான மண்டலம் கிடையாது. 1881 இல் கார் நிக்கோபார் அருகிலும், 1941 இல் மத்திய அந்தமானிலும் பெரும் பூகம்பங்கள் வந்திருக்கின்றன. 2004 கடைசி என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

மதுரையில் 9 அங்குலத் தூண் சுவரோடு சுவராக மறைந்து அழகாக இருக்கும். பூகம்பத்துக்கான இந்தியத் தர விதி, 2016 இல் திருத்தியபடி, தூணின் எந்தப் பக்கமும் 300 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதாவது ஓர் அடி. அறை மூலையில் தூண் துருத்திக்கொண்டு நிற்கிறதே என்று வீட்டம்மாள் முகம் சுளிக்கலாம். அந்த மூன்று அங்குலம் அவர் பிள்ளைகளுக்காக நிற்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

கார் நிறுத்தவும் கடை வாடகைக்கு விடவும் கீழ்த்தளத்தைச் சுவர் இல்லாமல் வெறும் தூண்களாக விட்டு, மேலே இரண்டு மாடி ஏற்றுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. 2001 ஜனவரி 26 இல் குஜராத் பூகம்பத்தில், அதன் மையத்துக்கு 200 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்தில் இப்படிப்பட்ட மாடிக் கட்டடங்கள் பல மண்டியிட்டு விழுந்தன. மேலே சுவர்களால் விறைப்பு, கீழே வெறும் கால். ஆட்டம் முழுவதும் அந்தக் கால்களுக்கே போய்ச் சேரும். இப்படித்தான் கட்டியாக வேண்டும் என்றால், கணக்குத் தெரிந்த இன்ஜினீயர் அதற்கென்று தனியாக வடிவமைக்க வேண்டும். மேஸ்திரியின் அனுபவம் இதற்குப் போதாது.

சரிவில் கட்டும் வீட்டிலும் இதே சூட்சுமம் உண்டு. மேட்டுப் பக்கத் தூண் குட்டை, பள்ளத்துப் பக்கத் தூண் நெட்டை. குட்டைத்தூண் பலசாலி என்று நினைப்போம். நிலம் ஆடும்போது நெட்டைத்தூண் வளைந்து கொடுக்கும். வளையாத குட்டைத்தூண் பெரும்பங்கு பாரத்தையும் தானே வாங்கி முதலில் உடையும். கட்டுவதற்கு முன் இதை இன்ஜினீயரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

கம்பி கட்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் வளையங்களின் முனையை வெறுமனே செங்கோணத்தில் மடித்து விடுவது வழக்கமாக இருக்கிறது. ஆட்டத்தில் அது வாய் திறந்துவிடும். முனையை உள்ளே தூணின் நடுப்பக்கம் பார்க்கும்படி நன்றாக வளைத்துக் கொக்கி போட வேண்டும். தூணும் உத்தரமும் சேரும் இடத்துக்கு அருகில் வளையங்கள் நெருக்கமாக, 4 அங்குல இடைவெளிக்கு மேல் போகாமல், இருக்க வேண்டும். தூண் இல்லாமல் கல் சுவர் மேலேயே கட்டும் சிறு வீடுகளுக்கு, அஸ்திவார மட்டத்திலும், கதவு ஜன்னல் தலைப்பு மட்டத்திலும், கூரை மட்டத்திலும் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். பெட்டிக்குக் கயிறு கட்டுவது போலத்தான் இது. கயிறு இல்லாத பெட்டி ஆட்டினால் பிரிந்துவிடும்.

உப்பும் தண்ணீரும்

இரும்பைச் சுற்றிச் சிமிண்டின் காரம் இருக்கும்வரை அது துருப்பிடிக்காது. உப்பு உள்ளே போனால் அந்தக் காப்பு உடைகிறது. துரு பிடித்த இரும்பு பல மடங்கு பருத்து, தன்னை மூடிய கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. எங்கள் சன்ஷேடின் கதை அதுதான். கடல் மணலைப் போடுவது, துருவுக்கு நாமே விதை விதைப்பது போன்றது. கரையை அழிக்கும் குற்றம் ஒருபுறம் இருக்க, அது நம் கூரையையும் அழிக்கிறது. ஆற்று மணல் கப்பலில் வருவதால் விலை கூடுதல். கல் உடைத்துத் தயாரிக்கும் மணல் இருக்கிறது. அதில் தூள் அதிகமா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் தடிமனாகச் சேறு படிந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

மணல் நல்லதாக இருந்தும் கடற்கரைக் கிணற்றின் உப்பு நீரில் குழைத்தால் வந்த பயன் ஒன்றுமில்லை. குழைக்கவும், பிறகு ஆற்றவும், குடிக்கத் தகுந்த நீரே வேண்டும். இங்கேதான் இந்தத் தீவுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைதான் மழையில்லாத காலம். மே மாதம் மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை முதலில் நம் கடலில்தான் இறங்குகிறது. ஆகவே வீடு கட்ட உகந்தது அந்த நான்கு மாதங்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் பூஜை போடுவதும், ஆடியில் வேண்டாம் என்று ஒதுக்குவதும் இந்த ஊருக்கும் பொருந்தி வருகிறது. ஆனால் அதே நான்கு மாதங்களில்தான் தணிக்காரி அணை வற்றத் தொடங்கி, குழாய்த் தண்ணீருக்கு முறை வைக்கிறார்கள். குடிக்கவே நீர் இல்லாதபோது கான்கிரீட்டுக்கு யார் நீர் விடுவார்கள்? இரண்டு நாள் தெளித்துவிட்டு நிறுத்துகிறோம். அல்லது உப்புக் கிணற்று நீரை இறைத்து விடுகிறோம்.

கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை, நனைந்தே கெட்டியாகிறது. சாதாரண சிமிண்டாக இருந்தால் குறைந்தது 7 நாள், சாம்பலோ கசடோ கலந்த சிமிண்டாக இருந்தால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது. 14 நாள் விட்டால் உத்தமம். கூரையில் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றலாம். இதற்கு வழி என்ன என்றால், வீட்டுக்கு முன் தொட்டியைக் கட்டுவதுதான். முந்திய மழைக்காலத்துக்குள் நிலத்தடித் தொட்டியை முடித்து, சிமிண்ட் வைக்கப் போடும் தகரக் கொட்டகையின் கூரை நீரை அதில் விடுங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் இந்த ஊர் மழை ஆண்டுக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் கொட்டுகிறது. வேலை முடிந்த பின்னும் அந்தத் தொட்டி குடும்பத்துக்கு உதவும்.

கலவையில் நீர் அதிகமாவதும் கேடு. வேலை சுலபமாக ஓட வேண்டும் என்று கூலிக்காரர் ஒரு வாளியைக் கூடுதலாகக் கவிழ்ப்பார். ஒரு மூட்டை சிமிண்டுக்கு 25 லிட்டருக்கு மேல் நீர் போகக் கூடாது. கடலோர வீட்டுக்கு அதிலும் கொஞ்சம் குறையலாம். கூடுதல் நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளை வழியேதான் உப்புக்காற்று உள்ளே போகிறது.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விடும் இடைவெளிதான் கம்பியின் கவசம். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தர விதி சொல்லும் கனம் 45 மில்லி மீட்டர். இதற்கென்று சிமிண்டில் வார்த்த சிறு கட்டைகள் வைக்க வேண்டும். பல இடங்களில் உடைந்த ஜல்லித் துண்டைச் செருகிவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கம்பியின் மேல் நடக்கிறார்கள். கம்பி பலகையோடு ஒட்டிவிடுகிறது. பூச்சு வந்த பிறகு அந்தக் குற்றம் யாருக்கும் தெரியாது, பத்து வருஷம் வரைக்கும்.

சிமிண்டும் கம்பியும் கடல் கடந்து வருகின்றன. அக்காலத்தில் செல்லுலார் சிறையைக் கட்டிய வெள்ளைக்காரனே செங்கல்லைப் பர்மாவிலிருந்து கப்பலில் தருவித்தான். இன்றும் நம் சாமான் சென்னைத் துறைமுகத்தில் காத்திருந்து, மூன்று நாள் கடலில் வந்து, பிறகு கிடங்கில் இருக்கிறது. மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். மூன்று மாதத்துக்கு மேலான சிமிண்டைச் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது. மூட்டைக்குள் கட்டி விழுந்திருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். கூரைக்கு வேண்டிய சிமிண்ட் முழுவதும் கைக்கு வந்த பின்னரே கூரை போடும் நாளைக் குறியுங்கள். பாதிக் கூரையில் சிமிண்ட் தீர்ந்து, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த வீடுகளில் அந்த ஒட்டு வழியே இன்றும் ஒழுகுகிறது.

ஊர்க்காரர் என்ற உறவு

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏமாறுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொன்னால் நம்மவர்களுக்கே கோபம் வரலாம். மேஸ்திரி நம் ஊர்க்காரராக இருந்தால் போதும், நாம் காகிதம் கேட்பதில்லை. "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று அவர் கேட்பார். எழுதச் சொன்னால் உறவு முறிந்துவிடும் என்று நாமும் கூச்சப்படுகிறோம். எழுதாததால்தான் உறவு முறிகிறது என்பதை வேலை பாதியில் நின்ற பிறகு தெரிந்து கொள்கிறோம்.

சதுர அடிக்கு இன்ன விலை என்று பேசுகிறோம். சன்ஷேடும் படிக்கட்டும் திண்ணையும் அதில் சேர்த்தியா என்று பேசுவதில்லை. கூலி மட்டுமா, சாமானோடு சேர்த்தா என்பதும் மயக்கமாகவே இருக்கும். நடுவில் ஒரு அலமாரி, ஒரு ஜன்னல் என்று வாய் வார்த்தையில் கூட்டுகிறோம். கடைசியில் கணக்கு வரும்போது இரு தரப்பும் தங்கள் நினைவைச் சத்தியம் செய்கின்றன. ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், நேர்மையான மேஸ்திரிக்கும் அது பாதுகாப்புத்தான். பணத்தை அஸ்திவாரம், தரைமட்டம், ஜன்னல் தலைப்பு, கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக, வேலை முடிந்த அளவுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும். தங்கை கல்யாணம் என்று முன்பணம் கேட்டால், முடிந்தால் கைமாற்றாகத் தனியே கொடுங்கள். வீட்டுக் கணக்கில் கலக்காதீர்கள்.

இதில் மேஸ்திரிகளை மட்டும் குறை சொல்வது தர்மம் ஆகாது. எங்கள் மேஸ்திரிக்கு யாரும் எதுவும் கற்றுத் தரவில்லை. பதினான்கு வயதில் சித்தாளாகச் சேர்ந்து, பார்த்துப் பழகியதைச் செய்தார். மலிவாக முடித்துக் கொடு என்று நாங்களும் நெருக்கினோம்.

என்ன செய்யலாம்?

மூன்று யோசனைகளை நிர்வாகத்தின் பார்வைக்கு வைக்கிறேன். ஒன்று, தீவுகளில் வேலை செய்யும் மேஸ்திரிகளுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும், கூலி இழப்புக்கு ஈடு கொடுத்து, பூகம்பம் தாங்கும் கட்டட முறையில் சில நாள் செய்முறைப் பயிற்சி தர வேண்டும். இரண்டு, மணலையும் நீரையும் சிமிண்டையும் சாமானியர் சிறு கட்டணத்தில் சோதித்துப் பார்க்க எளிதில் எட்டும் வசதி வேண்டும். மூன்று, அனுமதி கொடுத்த பிளான் காகிதத்தில் நின்றுவிடாமல், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் கம்பியை நேரில் வந்து பார்க்கும் முறை வேண்டும். கொட்டிய பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நம் தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு விண்ணப்பம். திருவிழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேடை போடுகிறோம். அந்தப் பந்தலின் ஒரு மூலையில், சரியாகக் கட்டிய ஒரு தூணின் கம்பிக்கூட்டையும் தவறாகக் கட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தமிழில் நாலு வரி எழுதி வைக்கலாம். பத்துப் பேர் நின்று பார்த்தால் பத்து வீடு பிழைக்கும்.

"இவ்வளவுக்கும் செலவு செய்ய ஏழை எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் பதில், சின்னதாகக் கட்டுங்கள் என்பதுதான். மூன்று அறையைப் பலவீனமாகக் கட்டும் பணத்தில் இரண்டு அறையைப் பலமாகக் கட்டலாம். டைல்ஸை ஐந்து வருஷம் கழித்தும் ஒட்டலாம். பெயிண்டை அடுத்த தீபாவளிக்கு அடிக்கலாம். தூணுக்குள் விட்டுப்போன வளையத்தைப் பிறகு போட முடியாது.

எங்கள் வீட்டை 2022 இல் கடன் வாங்கி இடித்துக் கட்டினோம். முன்னதைவிட ஓர் அறை குறைவு. தரை வெறும் சிமிண்ட் தரை. ஒவ்வொரு தூணுக்கும் உத்தரத்துக்கும் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுத்தோம். என் தந்தையார் அவற்றைக் கழுவி வாங்கி, ஒரு ஆல்பத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறார்.

கிருகப்பிரவேசத்துக்கு வந்த உறவினர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, இவ்வளவு செலவு பண்ணியும் வீட்டுல ஒண்ணும் தெரியலையே?" என்று கேட்டார். அப்பா பதில் பேசவில்லை. உள்ளே போய், கல்யாண ஆல்பம் போல் அதைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தார்.